மரம் அப்படியே கிடந்தது

சாலையின் குறுக்கே வெட்டிப் போட்ட புளியமரமும், அதற்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்ற என் மாமியாரும் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறார்கள். இரண்டில் எது லேசில் நகராது என்று கேட்டால், மாமியார் என்றுதான் சொல்வேன். அவர் மௌத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வரும்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் மரங்களை வெட்டிச் சாலையை மறித்த காலம் அது. கள்ளக்குறிச்சியில் எங்கள் மளிகைக்கடை பூட்டியே கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் கல்வராயன் மலையில் மழை கொட்டியது. ஓடை பெருகி, அடிவாரத்து ஊர் ஒன்றின் குடிசைகளை வாரிக்கொண்டு போய்விட்டது. கடைக்குக் கடுக்காய் கொண்டுவரும் மலைக்காரர் வரப்பு வழியாகவே நடந்து வந்து செய்தி சொன்னார். சனங்கள் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடக்கிறார்கள், பிள்ளைகள் நேற்றிலிருந்து பட்டினி என்றார். அரிசி மூட்டை அனுப்பலாம் என்றார் என் கணவர்.

"நனஞ்ச வெறக வச்சிக்கினு எவ ஒல வைப்பா? சோறாத்தான் போவணும்" என்றார் மாமி. கல்யாணத்துக்கு எடுக்கும் பெரிய தேக்சாக்களில் குஸ்கா வெந்தது. என்னைக் கரண்டியைத் தொடவிடவில்லை. வெங்காயம் உரித்தே என் கண் வீங்கிப்போனது. அந்தப் புழுக்கத்தில் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேராவிட்டால் அத்தனை சோறும் ஊசிப்போகும்.

ஊரைத் தாண்டியதுமே, தேக்சாக்களோடு எங்களையும் ஏற்றிக்கொண்டு போன லாரி முதல் மரத்தின் முன்னால் நின்றுவிட்டது. மரத்தருகே காவலிருந்தவர்களில் மூத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மரத்த மட்டும் எடுக்க மாட்டோங்க பாயம்மா. எங்க புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்குந்தான் இப்டி ரோட்ல கெடக்குறோம்."

"மரத்த யாருப்பா எடுக்கச் சொன்னது? அது கெடக்கட்டும். நீங்க சோத்த எடுங்க."

அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் சும்மாடாக மடித்துப் போட்டுக்கொண்டார். "எங்க வூட்டு மாட்டுவண்டி அந்தாண்ட நிக்கிது. தூக்குங்கடா."

வளையத்தில் கழியைச் செருகி, ஒவ்வொரு தேக்சாவாக மரத்துக்கு மேலே தூக்கிக் கடத்தினார்கள். அடுத்த மரத்துக்கு நாங்கள் போவதற்குள் சேதி போய்விட்டிருந்தது. அங்கே கழியோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அதன் பிறகு எங்கேயும் மாமி வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. திறந்தார் என்பது வேறு விஷயம். "சாய்க்காத, சாய்க்காத" என்று வழியெல்லாம் அவர்களை வைதுகொண்டே வந்தார்.

பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மூடியைச் சுற்றி அப்பியிருந்த மாவை மாமி கத்தியால் கீறினார். ஆவி குப்பென்று மேலே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மரம் வெட்டிய அதே கைகள் இலை போட்டுப் பரிமாறின.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் மாமியிடம் கேட்டாள். "ரோட்ட தொறந்துட்டாங்களாம்மா?"

"இல்லம்மா, மரம் அப்டியேதான் கெடக்குது. நீ சாப்புடு, ஆறிடப் போவுது."