பதினோராம் மாடி வெக்கை

அகஸ்ரின் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சூட்டுக்குப் பக்கத்திலேயே கழித்தவர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஊர்காவற்றுறையிலிருந்து புறப்பட்டு, கிரேக்கக் கப்பல்களின் எஞ்சின் அறைகளில் எண்ணெய் ஊற்றினார். மொன்றியல் துறைமுகத்தில் ஒருநாள் கப்பலை விட்டு இறங்கியவர் திரும்பி ஏறவில்லை. அதன்பின் ரொறொன்ரோவில், அஜின்கோர்ட் பக்கத்துப் பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றில், வீடுகளுக்குச் சூடு அனுப்பும் பொயிலர் பார்க்கும் வேலை. பதினெட்டு வருடம் அதே நிலவறையில் நின்றார்.

அந்த வேலையில் அவருக்கு ஒரு மயக்கம் இருந்தது. காலையில் கீழே நின்றபடி, சூடு மேலே ஏறிப் போவதைக் காதால் கேட்பார். குழாய்க்குள் முதலில் ஒரு முனகல் எழும். பிறகு யாரோ விரல் மடக்கித் தட்டுவது போலச் சத்தம் ஒவ்வொரு மாடியாக ஏறி ஏறித் தேய்ந்து போகும். அந்த வேளையில் கட்டடம் முழுவதும் பனிக்கடலில் மெல்ல நகர்வதாக அவருக்குத் தோன்றும். உள்ளே முந்நூறு குடும்பம் போர்வைக்குள் புரண்டு படுக்கும். எவருக்கும் அவர் பெயர் தெரியாது. அதுவும் அவருக்குப் பிடித்தே இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவரும் மனைவி மக்டலீனும் அதே கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தார்கள். வாடகைக்குள்ளேயே சூடும் அடக்கம். அவருக்குப் பிறகு வந்த பொயிலர்காரன் கைக்கணக்கு அறியாதவன். தை மாதத்தில் வீட்டுக்குள் வெக்கை தாங்காது. மக்டலீன் சன்னலைத் திறந்து விடுவாள். திரைச்சீலை பாய் போலப் புடைத்து எழும். பனித்துகள் உள்ளே மிதந்து வந்து, கம்பளத்தைத் தொடுமுன்பே காணாமல் போகும். உள்சட்டையோடு நாற்காலியில் சாய்ந்து அதைப் பார்த்தபடி அகஸ்ரின் அரைத்தூக்கத்தில் கிடப்பார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம், அப்படிக் கிடந்த ஒரு மத்தியானத்தில்தான் மக்டலீன் கடிதத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் குளிர்காலச் சூட்டுச் செலவுக்கு அரசாங்க உதவி. உள்ளே அவர் பெயருக்கு ஒரு காசோலை.

"சூட்டுக்கோ?" என்றார் அகஸ்ரின். "சன்னல் திறக்கிற கூலி எண்டு எழுதியிருந்தால் பொருத்தம்."

"தந்ததை வாங்கி வையுங்கோ. கேட்டே தந்தவை?" என்றாள் மக்டலீன்.

அவர் வாங்கி வைத்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மக்டலீன் சொன்ன ஒரு செய்திதான் அவரை அசைத்தது. கிளடிஸ் என்றொரு பெண், மன்னார்ப் பக்கத்தவள், மூன்று மாதக் குழந்தையோடு ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தாள். கணவன் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. விடியமுன் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அவளுடைய வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகை தெரிகிறதாம்.

"ஹீற்றர் பழுதாக்கும்," என்றார் அகஸ்ரின். மறுநாளே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பக்கவாட்டுக் கதவால் இறங்கிப் போனபோது வேறொரு உலகத்துக்குள் இறங்குவது போலிருந்தது. நிலமட்டத்துச் சன்னல்களைப் பனி மூடியிருந்தது. அதனூடே வந்த வெளிச்சம் நீலமாக, கடலுக்கடியில் விழும் வெளிச்சம் போல, சுவரெல்லாம் படிந்து கிடந்தது. கிளடிஸ் குளிர்ச்சட்டையோடும் தொப்பியோடும் நின்றாள். குழந்தை இரட்டைப் போர்வைக்குள், மூக்கு மட்டும் சிவந்து தெரிய, நித்திரையாக இருந்தது.

அகஸ்ரின் சுவரோரம் முழந்தாளிட்டு மின்சார ஹீற்றரின் மூடியைக் கழற்றினார். கம்பி நல்ல கம்பி. சுவிட்சைத் திருப்பினார். ஒரு நிமிடத்தில் தூசி கருகும் மணம் எழுந்து, உள்ளங்கையில் சூடு பட்டது.

"உது பழுதில்லை, பிள்ளை."

"எனக்குத் தெரியும் அங்கிள்," என்று கிளடிஸ் தலையைக் குனிந்தாள். "நான்தான் நிப்பாட்டி வைச்சிருக்கிறன். போன மாசக் கரண்ட் பில் வாடகையில பாதிக்கு வந்திட்டுது. பிள்ளையைக் குளிப்பாட்டேக்க மட்டும் போடுறனான்."

அவர் மூடியை மெல்லத் திரும்பப் பூட்டினார். சட்டைப் பைக்குள் அந்தக் காசோலை இருந்தது. வரும் வழியில் வங்கியில் போடலாமென்று எடுத்து வந்தது. அதை எடுத்து நீட்டி, விஷயத்தைச் சொன்னார்.

கிளடிஸ் கையை நீட்டவில்லை. "இந்த உதவிக்கு நானும் போன் பண்ணினனான் அங்கிள். அறுபத்தைஞ்சு வயசு ஆகியிருக்க வேணுமாம். என்ர பிள்ளைக்கு இன்னும் அறுபத்துநாலு வருஷமும் ஒன்பது மாசமும் கிடக்கு." சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "உங்கட காசு எனக்கு வேண்டாம். குறை நினைக்காதேங்கோ. நான் பிச்சை கேக்கேல்லை. குளிர் அவருக்கு, இவருக்கு எண்டு வயசு பாத்தே வருது? அதை ஆராவது சொன்னால் போதும்."

அவர் எழும்பினார். வெளியே வந்த பிறகும் அந்த நீல வெளிச்சம் கண்ணை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் இருந்தபடி வீதியோர வீடுகளைப் பார்த்தார். எந்தக் கூரையில் பனி உருகி வழிகிறது, எதில் அப்படியே கெட்டியாகக் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனார். சூடு உள்ள வீடும் இல்லாத வீடும் கூரையிலேயே எழுதியிருந்தது. பதினெட்டு வருடமாகத் தான் மேலே அனுப்பிய சூடு ஒரு கட்டடத்தின் சுவரோடு நின்றுவிட்டது என்று அன்றுதான் அவருக்குப் பட்டது.

பங்குனியில், அந்த உதவித் திட்டத்தைப் பற்றி முதியவர்களின் கருத்தைக் கேட்க நூலக மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அகஸ்ரினோடு இரத்தினவேலும் போனார். அவர் ஆறாம் மாடியில் மகன் குடும்பத்தோடு இருப்பவர். பின்னேரங்களில் இருவரும் கட்டடத்து வாசல் மண்டபத்தில் இருந்து வீதியைப் பார்ப்பார்கள். ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்தாலும் பேசி முடித்த நிறைவோடு எழும்புவார்கள். அப்படிப்பட்ட சிநேகம்.

கூட்டத்தில் பலரும் எழும்பி, தொகை போதாது, கூட்டித் தாருங்கள் என்றார்கள். அகஸ்ரினின் முறை வந்தது. கப்பலில் படித்த ஆங்கிலம் அவருடையது. வினைச்சொல் இருக்கும், காலம் இருக்காது.

"நான் பொயிலர்காரன்," என்று தொடங்கினார். "என் வீட்டில் வெக்கை. நான் சன்னல் திறக்கிறேன். அந்தச் சூட்டுக்கு நான் காசு கட்டுவதில்லை. அதற்கும் நீங்கள் எனக்குக் காசு தருகிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு ஐந்து மாதம். நிலத்துக்குக் கீழே இருக்கிறது. மூக்கு சிவப்பு. அதற்கு நீங்கள் தருவதில்லை, ஏனென்றால் அது கிழவனில்லை. வயதைப் பார்க்காதீர்கள். வீட்டுக்குள் வந்து சுவரில் கையை வைத்துப் பாருங்கள்."

முதலில் கை தட்டியவர் இரத்தினவேல். அவருக்கு ஆங்கிலம் விளங்காது. சிநேகிதன் தடக்காமல் பேசினான் என்ற பெருமை மட்டுமே. மேசையில் இருந்த அதிகாரிப் பெண் குனிந்து எழுதிக்கொண்டாள்.

அகஸ்ரின் அதை அத்தோடு மறந்துவிட்டார். வசந்தம் வந்தது, கோடை போனது. ஐப்பசியில் புதிய கடிதம் வந்தது. சூட்டுக் கட்டணத்தைத் தாங்களே கட்டுகிற குடும்பங்களில், முதியவரோ ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோ இருந்தால் இனி உதவி உண்டு. வாடகைக்குள் சூடு அடங்கிய கட்டடங்களில் இருப்பவர்களுக்கு இல்லை.

கிளடிஸ் கோயிலில் வைத்து மக்டலீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கார்த்திகையில் ஒருநாள் அகஸ்ரின் அந்தப் பேஸ்மென்றுக்குப் போனபோது, குழந்தை ஒற்றைச் சட்டையோடு தரையில் தவழ்ந்தது. சன்னலில் அதே நீலம். ஆனால் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து, அதில் சின்னக் கைத்தடங்கள். அவர் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தரையில் நின்றார். பாதத்தின் வழியே சூடு ஏறியது. ஒரு தேத்தண்ணி குடித்து முடியும் வரைக்கும் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவருடைய கட்டடத்தில் வேறு காற்று வீசியது. எலிவேற்றரில் முகம் கொடுத்துப் பேசியவர்கள் இலக்கப் பலகையைப் பார்த்தார்கள். யார் எழும்பி என்ன சொன்னது என்ற கதை மாடி மாடியாக ஏறியிருந்தது. இரத்தினவேல் வாசல் மண்டபத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். இரண்டு கிழமை பொறுத்திருந்து, அகஸ்ரின் ஆறாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. இரத்தினவேல் கதவைத் திறந்தார், உள்ளே வாரும் என்று சொல்லவில்லை.

"ஆரைக் கேட்டு ஐசே உதைச் சொன்னனீர்? நான் கையும் தட்டினன், விசரன் மாதிரி."

"நியாயம் எண்டு பட்டதைச் சொன்னன். எங்களுக்கு இஞ்ச சூடு கூடிப்போய்..."

"சூடு ஆருக்கு வேணும்!" என்றார் இரத்தினவேல். "உமக்குப் பென்சன் இருக்கு. பெஞ்சாதி இருக்கு. நான் மகன் கூப்பிட்டு வந்தவன், எனக்குப் பென்சன் இல்லை. ஒரு கோப்பி குடிக்கவும் மருமகளிட்டக் கை நீட்ட வேணும். அந்தச் செக் ஒண்டுதான் என்ர பேரில வந்தது. வவுனியாவில தங்கச்சியோட கதைக்கப் போன் கார்ட் வாங்கினனான். இப்ப அவள் நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிருப்பாள்."

இத்தனை பின்னேரங்கள் பக்கத்தில் இருந்தும் இது அகஸ்ரினுக்குத் தெரியாமல் போயிற்று. குழாயில் ஓடுவதைக் காதால் கேட்டே சொல்லிவிடுகிற மனிதர், பக்கத்துக் கதிரைக்காரரின் மௌனத்தை நிறைவென்று எண்ணியிருந்தார். கிளடிஸின் வீட்டுக்கு வந்த சூடும் நியாயம். இவருடைய கோபமும் நியாயம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க அவருக்கு வழி தெரியவில்லை. தன் பையிலிருந்து கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். கிளடிஸ் கையை நீட்டாமல் நின்றது ஞாபகம் வந்தது. திரும்பி நடந்தார்.

மாசியில் அதே நூலகத்தில் இன்னொரு கூட்டம் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். அகஸ்ரின் மறுபடியும் ஆறாம் மாடிக்குப் போனார்.

"பிள்ளைகள் கூப்பிட்டு வந்த வயசாளிகளுக்குக் கையில ஒரு சதமும் இல்லை எண்டு அவைக்குத் தெரியாது," என்றார். "வாரும், சொல்லுவம்."

"எனக்கு இங்கிலீஸ் வராது."

"நீர் தமிழில சொல்லும். நான் மாத்திச் சொல்லுறன். இந்த முறை உம்மட வாயைக் கேட்டுத்தான் வாய் திறப்பன்."

இரத்தினவேல் உள்ளே போய், கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

கூட்டத்தில் அவர் நாலு வசனம் சொன்னார். அகஸ்ரின் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். அது வேறு திணைக்களத்து விஷயம், அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு பதிலும் வரவில்லை. அதற்கடுத்த குளிர்காலத்திலும் வரவில்லை. கிளடிஸ் குடும்பம் பிறகு விட்பிக்குக் குடிபெயர்ந்தது.

ஆனால் அன்று திரும்பும் வழியில் பனி பஞ்சு பஞ்சாகக் கொட்டியது. பஸ் ஊர்ந்தது. எதிரில் வரும் வாகனங்களின் வெளிச்சம் மட்டும் தூரத்துப் படகுகள் போல ஆடியாடி வந்து மறைந்தது. இருவரும் நெடுநேரம் பேசவில்லை. அகஸ்ரின் அந்த மௌனத்தைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உவங்கள் ஒரு தேத்தண்ணியும் தரேல்லைப் பாத்தீரே," என்றார் இரத்தினவேல் திடீரென்று. "இரண்டு மணித்தியாலம் இருத்தி வைச்சாங்கள். எனக்குப் பசிக்குது."

அகஸ்ரின் மணியை அழுத்தினார். இரண்டு தரிப்பு முன்னதாகவே இறங்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, வழுக்காமல் அடியெடுத்து வைத்து, ரோல்ஸ் விற்கும் தமிழ்க் கடையை நோக்கி நடந்தார்கள்.