அத்தையின் பாட்டு வைத்தியம்

மார்கழி பிறந்தால் எனக்குச் சளி பிடிக்கும். ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்கே தெரிந்த சங்கதி அது. பனி இறங்கியதுமே பக்கத்து வீட்டுக்காரர், "இன்னா, உங்க ஊட்டு இருமல் இன்னும் வரல?" என்று நைனாவைக் கேட்பார், ஊரிலிருந்து வரவேண்டிய விருந்தாளியை விசாரிக்கிற மாதிரி.

அந்த வருஷமும் இருமல் வந்தது. கேலி செய்யத்தான் யாரும் வரவில்லை. ஐப்பசி மழையில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியைப் பெற்றாள். அம்மா திரும்பி வந்தாள், தம்பி வரவில்லை. "சாமிகிட்ட போயிட்டான்" என்று என்னிடம் சொன்னார்கள். அம்மா அழவே இல்லை. சமைத்தாள், துவைத்தாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஆனால் பாத்திரம் தேய்க்கும்போதுகூட எதையாவது பாடிக்கொண்டே இருக்கிறவள், பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தாள். நைனா ரேடியோவைத் துணி சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார்.

அப்போதுதான் மாங்காட்டிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். நைனாவுக்கு அக்கா. அவள் பேச ஆரம்பித்தால் நைனா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்பார். வந்ததும் வராததுமாக என் முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"புள்ளைக்கு உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல. மருந்து பத்தாது. பாட்டு வேணும்."

மாங்காட்டில் ஒரு டாக்டர் சொன்னாராம். பெற்றவள் நெஞ்சில் சாய்ந்துகொண்டு அவள் பாடுவதைக் கேட்டால், அந்த அதிர்வில் சளி கரையுமாம், பனிக்காலத்தைத் தாங்குகிற சக்தி உடம்பில் ஊறுமாம். எந்த டாக்டர் என்று நைனா கேட்டார். "பேரு தெரிஞ்சி நீ இன்னா பண்ணப்போற?" என்று அத்தை கேட்டதும் மறுபடி பொத்தானுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் ஃபாக்டரி சங்கு ஊதியதும் வைத்தியம் ஆரம்பமாகும். நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த குண்டான், அதன்முன் அம்மா மடியில் நான், இருவர் தலைக்கும் சேர்த்து ஒரே கம்பளி. வெளியிலிருந்து அத்தை, "ம், பாடு" என்பாள். முதல் நாள் அம்மா பாடவில்லை.

"வாயத் தொறக்க முடியலன்னா மூடிக்கினே பாடும்மா. சத்தம் வந்தா போதும். ஒம் பொண்ணு மூச்சுக்கு அல்லாடுறா பாரு."

அதற்குமேல் அம்மாவால் மறுக்க முடியவில்லை. "ம்ம்ம்" என்று மாவு மில் ஓடுவதுபோல ஒரே மட்டத்தில் இழுத்தாள். அந்தச் சத்தம் என் முதுகு வழியாக இறங்கி வயிறுவரை குறுகுறுத்தது. சிரித்துவிட்டேன். கம்பளிக்கு மேலேயே குறி தப்பாமல் குட்டினாள் அத்தை.

என் கவலை எனக்கு. பொங்கலன்று மைதானத்தில் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். போன வருஷம் எதிர்வீட்டுப் பெண் ஜெயித்து ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கினாள். அதைத் தெருவுக்கு எடுத்து வந்து என் கண்ணெதிரே தண்ணீர் குடிப்பாள், பாவி. இப்போதும் சாயங்காலமானால் எல்லாப் பிள்ளைகளும் ஓடிப் பழகிக்கொண்டிருக்க, நான் மட்டும் இட்லியாட்டம் வெந்துகொண்டிருந்தேன். சளி போனால்தான் ஓட்டம் என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அந்த "ம்ம்ம்" லேசாக ஏறி, வளைந்து, இறங்கியது. எந்தப் பாட்டு என்று பிடிபடுவதற்குள் நின்றுவிட்டது. கம்பளியை விலக்கிப் பார்த்தால், வாசலில் நைனா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல் அதைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் நைனா என்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் முன்னும் பின்னும் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சு சுத்தமா இருக்கு. ஓடட்டும், ஆடட்டும்" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தபடியே டம்ளரை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று வீட்டில் அத்தை கேட்டாள். நைனா அம்மாவைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "சளி இன்னும் கீதாம்க்கா. பொங்கல் வரைக்கும் பாட்டு நிறுத்தக்கூடாதுன்னாரு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னால் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிற நைனா! "பொய்யி! அவரு அப்டிச் சொல்லவே இல்ல!" என்று கத்தினேன். "வாய மூடு" என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. சோறு வேண்டாம் என்று மூலையில் போய் உட்கார்ந்தேன், யாரும் கெஞ்சவும் இல்லை. உலகத்தில் எனக்கென்று ஒருத்தரும் இல்லை என்று அழுகை அழுகையாக வந்தது.

அன்றைக்கும் சங்கு ஊதியது. உம்மென்று போய் அம்மா மடியில் உட்கார்ந்தேன். நெடுநேரம் வெறும் "ம்ம்ம்". அப்புறம், யாரும் கேட்காமலே, அம்மா வாயைத் திறந்து பாடினாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குப் பாடிய தாலாட்டு. மெட்டு அதேதான். ஆனால் எனக்கு ராசாத்தி என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ராசா, ராசா என்று பாடினாள். பாடப் பாட அவள் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. என் வகிட்டில் சூடாகச் சொட்டியது.

எனக்கு வந்ததே கோபம்! கம்பளியை உதறிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"அத்தை, அம்மா தப்புத் தப்பா பாடுது. ராசாவாம்! நான் இன்னா பையனா? அதுக்கே இப்ப சளி புடிச்சிக்கினு என் தலையெல்லாம் மூக்கு ஒழுகுது. இப்படிப் பாடினா எனக்கு எப்படிச் சளி போவும்?"

உள்ளே அம்மாவின் அழுகை பெரிதாகக் கேட்டது. நைனா வேகமாக அந்தப் பக்கம் போனார். அத்தை அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"போவுதுடி கண்ணு, போவுது" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "போ, நாளைலருந்து நீ ஓடலாம். இனிமே ஒங்கம்மாவே பாடிக்குவா" என்றாள்.

பாட்டில் தப்புக் கண்டுபிடித்ததால்தான் என்னை விடுதலை செய்தார்கள் என்று வெகுகாலம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.