காலா உடைத்த பூட்டு

என் தம்பி பெங்களூரில் வளர்த்த நாய் எங்களிடம் வந்தது ஒரு ஜனவரி மாதத்தில். அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. நாயைத் தன்னோடு அழைத்துப் போக வழியில்லை, முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. சப்பை மூக்கும் சுருங்கிய நெற்றியுமாக இருக்கும் சின்ன ஜாதி நாய் அது. தூங்கும்போது பெரிய ஆள் மாதிரி குறட்டை விடும். தம்பி வைத்திருந்த ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் நானும் என் கணவரும் ‘குட்டி’ என்றே கூப்பிட்டோம். இரண்டு வாரத்தில் அதற்கு அது பழகிவிட்டது.

அப்போது ஆம்பூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார், மகன்கள் இரண்டு பேரும் துபாயில். தெருவே அவரைக் ‘காலா’ என்று கூப்பிடும். உருதுவில் சித்தி என்று பொருள். நாய் வந்த அன்றே அவர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். படியில் ஏறி இறங்கலாம், அவர் வீட்டு வாசலுக்குள் மட்டும் வரக்கூடாது. ஐந்து வேளையும் தொழுகிற வீடு, நாயின் எச்சில் துணியில் பட்டால் அதை அலசாமல் தொழ முடியாது என்று கோபமில்லாமல் விளக்கினார். நானும் அதை மதித்தேன். குட்டியைக் கீழே கொண்டுபோகும்போதெல்லாம் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். காலா சேலையை ஒதுக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பார்.

ஏப்ரல் மாதம் பாதி தாண்டியதும் குட்டியின் நடத்தை மாறியது. கட்டிலுக்கடியில் படுப்பதை விட்டுவிட்டு, குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு நான்கு காலையும் பரப்பிக் கிடக்கும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவனும் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினான். அது தன்னால் முடிந்த மொழியில் எங்களிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள், மறுநாள் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று என் கணவர் சொன்னார். மாதாமாதம் பராமரிப்புக்காக நிறுத்துவதுதான். அன்று மாலையே இட்லி மாவு அரைத்துவைத்தேன். துணிகளை இஸ்திரி போட்டேன். மேல் தொட்டி நிரம்ப மோட்டார் ஓடவிட்டேன். இரண்டு போனையும் சார்ஜில் போட்டேன். இவ்வளவையும் யோசித்த நான், மின்விசிறி நின்றுபோன மாடி அறைக்குள் குட்டி பகல் முழுக்க எப்படி இருக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. காலையில் கணவர் ராணிப்பேட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போனார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். குரங்கு வந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தினேன். வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். குளியலறைக் கதவையும் சாத்தியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

செருப்பு, ஷூ தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் தோலைத் தரம் பிரிப்பது என் வேலை. மேசைமேல் விரித்த தோலைக் கையால் தடவிப் பார்ப்பேன். முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, ஆறிப்போன புண்ணின் தழும்பு எல்லாம் விரலுக்குத் தெரியும். அந்த இடங்களை விட்டுவிட்டு வெட்டச் சொல்லிக் குறி போடுவேன். பதினேழு வருடமாக இதே வேலை. போனை உள்ளே கொண்டுபோக முடியாது, வாசலில் வைத்துவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தபோது காலாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள் வந்திருந்தன. வாடகை வீட்டுக்கு வந்து மூன்று வருடத்தில் அவர் எனக்குப் போன் செய்தது மொத்தமே நாலைந்து தடவைதான். திருப்பிக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

“பூட்ட ஒடச்சிட்டேன்மா,” என்றார். “நீ மொதல்ல வா.”

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்ற ஆட்டோவில் ஏறினேன். வீட்டு மாடிப்படி முழுக்க ஈரமாக இருந்தது. கதவருகே பூட்டு கிடந்தது, பக்கத்தில் காலா வீட்டு அம்மிக் குழவி. அறைக்குள் நுழைந்ததும் சூளை வாயில் நின்றமாதிரி இருந்தது. காலா ஜன்னல்களைத் திறந்துவிட்டிருந்தும் அப்படி. குளியலறைத் தரையில் காலா உட்கார்ந்திருந்தார். குட்டியின் தலை அவர் மடியில். தன் பழைய துப்பட்டா ஒன்றை நனைத்து அதன் உடம்பில் போர்த்தியிருந்தார். ஒரு கையால் சொம்பில் தண்ணீர் மொண்டு அதன்மேல் ஊற்றினார், இன்னொரு கையில் பனையோலை விசிறி.

நடந்ததைத் துண்டுதுண்டாகச் சொன்னார். காலையிலிருந்து அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பிறகு கதவைப் பிறாண்டும் சத்தம். பதினொரு மணிக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. “கத்திக்கினு இருந்த வரைக்கும் எனக்கு எரிச்சலாதான் இருந்துது. சத்தம் நின்னதும்தான் பயமா போச்சு,” என்றார். எனக்குப் போன் செய்து பார்த்துவிட்டு, குழவியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்திருக்கிறார். உள்ளே கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. குட்டி கதவோரம் சாய்ந்து, நுரை வடிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. குளியலறைக் குழாயைத் திறந்தால் மேல் தொட்டித் தண்ணீர் கொதித்தது. மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. கீழே தரைத்தொட்டி மூடியைத் திறந்து வாளியில் மொண்டு, முட்டிவலிக் காலோடு மாடி ஏறியிருக்கிறார். ஆறு தடவையா ஏழு தடவையா என்று அவருக்கே நினைவில்லை.

நான் குட்டியின் காதைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீர் ஊற்றிய பிறகும் சுட்டது. நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்கியது. கூப்பிட்டேன், கண்ணைத் திருப்பவில்லை. ஃப்ரிட்ஜில் ஐஸ் உருகாமல் இருந்தது. அதை எடுக்க ஓடினேன். எடுத்த பிறகுதான் டாக்டரைக் கேட்கத் தோன்றியது. குட்டிக்கு ஊசி போட்ட கால்நடை மருத்துவரின் எண் இருந்தது. அவர் சுருக்கமாகச் சொன்னார்.

“ஐஸ் வேணாம். வாயில தண்ணி ஊத்தாதீங்க, பொரை ஏறிடும். வயித்துல, தொடையிடுக்குல, பாதத்துல சாதா தண்ணி ஊத்தி விசிறுங்க. லேட் பண்ணாம கொண்டு வாங்க.”

காலா ஏறக்குறைய அதையேதான் செய்துகொண்டிருந்தார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளைகளை வளர்த்தவர், அவ்வளவுதான்.

நான் வந்த ஆட்டோ இன்னும் வாசலிலேயே நின்றது. குட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஏறினேன். காலா வாளியோடு பக்கத்தில் ஏறினார். வழி முழுக்க நான் விசிற, அவர் துப்பட்டாவை நனைத்துப் பிழிந்துகொண்டே வந்தார். அவர் சேலையெல்லாம் எச்சிலும் நுரையும். மன்னிப்புக் கேட்பதுபோல நான் அதைப் பார்த்திருப்பேன் போலிருக்கிறது.

“வாயில்லாத ஜீவன்மா,” என்றார். “துணிய அலசுனா போய்டும்.”

மருத்துவர் காலில் ஊசி குத்தி மருந்துத்தண்ணீர் ஏற்றினார். இந்த மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சை இழுத்து விட்டு உடம்புச் சூட்டைத் தணிக்கும் வசதி கம்மி, மற்ற நாய் தாங்குகிற வெயிலை இது தாங்காது என்றார். வழியிலேயே குளிர்விக்காமல் கொண்டுவந்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்கு நேரமாகிறது என்று காலா அதே ஆட்டோவில் திரும்பினார். நான் உட்கார்ந்திருந்தேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது என் கை தானாகவே குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. விலாவில் ஒரு பழைய தழும்பு விரலில் பட்டது. தம்பி வீட்டில் எப்போதோ அடிபட்டிருக்க வேண்டும். இதற்குமுன் நான் கவனித்ததில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தோலைத் தடவிப் பார்க்கிறேன், எவ்வளவு நுணுக்கமாகத் தேடுகிறேன், வீட்டில் உயிரோடு இருந்த ஒன்றை அப்படி ஒருநாளும் பார்க்கவில்லையே என்று நினைத்தேன். அதற்காக வேலையை வெறுத்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மறுநாள் அதே மேசைக்குத்தான் போனேன். ஆனால் தழும்புகள்மேல் குறி போடும்போது கை சற்று நிதானித்தது, இப்போதும் நிதானிக்கிறது.

மூன்றாம் நாள் குட்டி எழுந்து தயிர்சோறு தின்றது. மருத்துவர் சொன்னபடி அதன் பழக்கங்களை மாற்றினோம். விடிகாலையில் மட்டும் நடை. ரோடு சுடுகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்த பிறகே அதை இறக்குவேன். தண்ணீருக்குக் கவிழாத கனமான மண்சட்டி. பகலில் எங்கே விடுவது என்பதுதான் தெரியவில்லை. நான் கேட்பதற்குமுன் காலாவே சொன்னார். அவர் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம் இருக்கிறது, மதில் நிழல் நாள் முழுக்க விழும், அங்கே கட்டிவிட்டுப் போ என்றார். ஈரச் சாக்கையும் அவரே விரித்துவைத்தார். வாசலுக்குள் வரக்கூடாது என்பதில் மாற்றமில்லை. குட்டி கால்மேல் ஏறினால் முகம் சுளிப்பார், போய்ச் சேலையை அலசிக்கொண்டு வருவார். இரண்டு மணிக்கொருதரம் சாக்கை நனைக்க மட்டும் தவறமாட்டார். அவர் தன் மார்க்கத்தில் எதையும் விட்டுக்கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குள்ளேயே இதற்கு இடம் இருந்தது, எனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது.

தம்பியிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டு முழுவதையும் சொன்னேன், குளியலறைக் கதவைச் சாத்தியது உட்பட. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவன், தானும் ஒருமுறை பெங்களூரில் அதைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போனதாகச் சொன்னான். பத்து நிமிஷம் என்று நினைத்தது அரைமணி நேரம் ஆகியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லையாம். பிறகு, அந்த அம்மாவிடம் பேச வேண்டும், போனைக் கொடு என்றான்.

சாக்கை நனைத்துக்கொண்டிருந்த காலாவிடம் கொடுத்தேன். அவன் நன்றி சொல்லியிருப்பான். காலா கேட்டுக்கொண்டே நின்றார்.

“அதெல்லாம் இருக்கட்டும்பா,” என்றார் கடைசியில். “நீ திரும்பி வந்தாலும் குட்டிய கேக்காத. இங்கியே இருக்கட்டும்.”