சிலிண்டர் வராத வாரத்தில் கல்கத்தா

வெள்ளிக்கிழமை காலை ஹவுராவில் இறங்கியபோது என்னிடம் இரண்டு சுமைகள் இருந்தன. ஒன்று, திருநெல்வேலியிலிருந்து உடையாமல் கொண்டுவந்த கண்ணாடி வளையல் பெட்டி. மற்றொன்று, வழியெல்லாம் பேப்பர் படித்து ஏற்றிக்கொண்ட கோபம். வளைகுடாவில் சண்டை நடக்கிறது. நம் அரசோ இரு தரப்பும் நிதானமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. தப்பைத் தப்பென்று சொல்ல என்ன தயக்கம் என்று எதிர் இருக்கைக்காரரிடம் ஆந்திரா முழுக்க வாதாடிக்கொண்டு வந்தேன். பாவம், அவர் புவனேஸ்வரில் இறங்கித் தப்பித்தார்.

ஸ்டேஷனிலிருந்து என் தங்கை வீடிருக்கும் லேக் கார்டன்ஸ் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மஞ்சள் டாக்சி ஒன்று நானூறு ரூபாய்க்குப் படிந்தது. ஓட்டுநர் பீகார்காரர். என் அரைகுறை இந்தியில் அவரிடமும் அதே பேச்சைத் தொடங்கினேன்.

"என் தம்பி துபாய்ல வேலை பாக்கறான் சார். நம்ம ஆளுங்க யாரையும் திட்டாம இருக்கிறவரைக்கும் நான் நிம்மதியா தூங்குவேன்" என்றார். ஆனாலும் என் மனம் ஆறவில்லை.

என் தங்கை வசந்தா வீட்டில் அவள் மகள் கல்யாணிக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. தாய்மாமன் என்ற முறையில் வளையல் என் பொறுப்பு. சமையல் வசந்தாவின் பொறுப்பு. புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சை, தயிர், சர்க்கரைப் பொங்கல் என ஐந்து வகைச் சோறு, ஐம்பது பேருக்கு. சமையல்காரர் வேண்டாம், பெற்றவள் கையால்தான் ஆக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். வாசலில் என்னைக் கண்டதும் பயணம் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

"அண்ணே, கேஸ் தீரப்போவுது. புக் பண்ணி நாளாச்சு, இன்னும் வரல. கப்பல் வந்தாத்தான் சிலிண்டராம்லா! பிள்ளைக்கு வளைகாப்பன்னைக்கு ஓட்டல் சோறு போடவா?"

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. நாம் எரிக்கும் வாயுவில் பெரும்பங்கு அந்தச் சண்டைக் கடல் வழியாக வருகிறது என்பதைப் பேப்பரில் படித்திருந்தேன். அது தங்கையின் சமையலறைக்குள் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை கரியாஹாட் கடைவீதிக்குப் போனேன். எந்தக் கடையிலும் மின்சார அடுப்பு இல்லை. ஊரே எனக்கு முன்னால் வாங்கிவிட்டது. "சோம்பார் ஆஷுன்" என்றார் ஒரு கடைக்காரர், திங்கட்கிழமை வாருங்கள் என்று. பத்து ரூபாய்க்கு மண்குவளையில் டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

பிற்பகலில் ஒரு வழி பிறந்தது. வசந்தா வீட்டுக்கு எதிரே கார்த்திக்-தா, அதாவது கார்த்திக் அண்ணன், கத்தரிக்காய் பஜ்ஜி, உருளைக்கிழங்கு வடைபோன்ற ஆலு சாப் போடும் சிறிய கடை வைத்திருக்கிறார். அவருடையது கரி அடுப்பு. இங்கேயே வெட்டும் ராணிகஞ்ச் நிலக்கரிக்கு எந்தக் கடலும் தாண்ட வேண்டியதில்லை. "ஞாயித்துக்கிழமை மத்தியானம்வரை என் அடுப்பு சும்மாதான் இருக்கும் திதி, நீங்க சமைச்சுக்கோங்க" என்று அவராகவே வந்து வங்காளத்தில் சொன்னார். அங்கே திதி என்றால் அக்கா. வசந்தா கும்பிடாத குறை.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. சிலிண்டர் கொண்டுவரும் போலா, தன் சைக்கிள் வேனைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் தள்ளினான். கார்த்திக்-தாவின் பஜ்ஜித் தட்டு தெருவில் கவிழ்ந்தது. நான் வாசலில் நின்று முழுதும் பார்த்தேன். கார்த்திக்-தா கத்தினார். தெருவை அடைத்துக் கடை போட்டது யார் என்று போலா எகிறினான். கடைசியில் இருவரும் வசந்தாவிடம் வந்தார்கள்.

"திதி, நீங்க சொல்லுங்க, யார் மேல தப்பு?"

நான் வாயைத் திறந்தேன். வசந்தா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வெயில்ல எல்லாருக்கும் தலை சூடாயிருக்கு. ரெண்டு பேரும் உள்ள வாங்க, தண்ணி குடிங்க. உக்காந்து பேசினா தீராதது என்ன இருக்கு?"

இரண்டு நாளாக நான் திட்டித் தீர்த்த அரசின் அறிக்கை அப்படியே வங்காளத்தில், என் தங்கை வாயிலிருந்து! எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. போலா தண்ணீர் குடித்துவிட்டு, இந்த லோடில் உங்களுடையது இல்லை, நாளை முதல் நடையில் கொண்டுவருகிறேன் என்றான். கார்த்திக்-தாவும் அடுப்பைத் தரமாட்டேன் என்று சொல்லவில்லை.

"நீ பாக்கலையா?" என்று அவர்கள் போனதும் கேட்டேன்.

"பாத்தேன். போலா மேலதான் தப்பு. சொல்லிட்டு நாளைக்கு எதுல ஆக்க? ஒருத்தன்கிட்ட சிலிண்டர், இன்னொருத்தன்கிட்ட அடுப்பு. நீ பேசிட்டு ரயிலேறிருவ."

ஞாயிறு விடியற்காலையில் கார்த்திக்-தா கடையில் புளிக்காய்ச்சல் கொதித்தது. கரி அடுப்பில் தீயைக் குறைக்கத் தெரியாமல் சர்க்கரைப் பொங்கலை அடிபிடிக்க விட்டாள் வசந்தா. பக்கத்து வீட்டு வங்காளப் பெண்கள் அந்தக் கருகலைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பாதிச் சமையலில் போலா சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறினான். அதைக் கண்டதும் வசந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணியின் கையில் நான் முதல் வளையலைப் போட்டபோது பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை கரியாஹாட்டில் மின்சார அடுப்பு வந்திருந்தது. மூவாயிரத்து இருநூறு ரூபாய். மாமன் சீராக இருக்கட்டும் என்று வாங்கி வந்தேன். வசந்தா உடனே அதில் பால் காய்ச்சினாள். எனக்கு டாக்சி வந்து நின்றபோது போலா காலி சிலிண்டரை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னை வழியனுப்ப வந்தவள் நேரே அவனிடம் போனாள். எதிர்க்கடைவரை கேட்கும்படியாக, நிதானமாகச் சொன்னாள்.

"போலா, அன்னிக்குத் தப்பு உன் மேலதான்."

போலா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "ஜானி, திதி" என்றான். தெரியும் அக்கா.

கார்த்திக்-தா எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நான் டாக்சியில் ஏறினேன். திருநெல்வேலியில் என் வீட்டிலும் இருப்பது கப்பல் வந்தால் எரியும் ஒரே ஒரு கேஸ் அடுப்புதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.