என் பொய்க்காகக் காதர் பாய் ஸ்டேஷனில் உட்கார்ந்த நாள்

போலீஸ் என்னைத் தேடி வந்தபோது எனக்குப் பதிலாக இன்னொருவர் ஸ்டேஷனுக்குப் போனார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. எனக்குச் சொந்தக்காரரும் அல்ல. அதை உங்கள் முன் சொல்ல எனக்கு இத்தனை வருடங்கள் ஆயின. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

நான் மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். 1991 ஜூலையில் வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்க வந்தேன். புறப்படும்போது எங்கள் தோட்டத்துச் சபையார் அத்தனை பேரும் என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள்.

பூந்தமல்லியில் காதர் பாய் வீட்டு மாடியறையில் தங்கினேன். பாய் தையல்காரர். பள்ளிச் சீருடைகள் தைப்பார். அவரும் அவர் மனைவி மும்தாஜ் அக்காவும் என்னை வாடகைக்கு வந்தவளாக நினைக்கவே இல்லை.

வெளிநாட்டு மாணவிக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் படிப்பு விசாவை நீட்டித்துத் தருவார்கள். "இவள் இங்கே ஒழுங்காகப் படிக்கிறாள்" என்று கல்லூரி கடிதம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரரும் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வருடம் எல்லாம் சுலபமாக முடிந்தது.

இரண்டாம் வருடம் வேதியியலில் இரண்டு தாள்களில் தோற்றேன். வகுப்பில் முகம் காட்டக் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் போகவில்லை, பிறகு ஒரு வாரம் போகவில்லை. 1992 நவம்பரிலிருந்து போவதையே நிறுத்திவிட்டேன். ஆனால் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் பிடித்து ஆவடி போய், ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மாலையில் களைத்த முகத்தோடு வீடு திரும்புவேன். அக்கா டீ கொடுத்து, "படிச்சிப் படிச்சி எளைச்சிட்டியே பாப்பா" என்பார்.

அப்பாவுக்கு நன்றாகப் படிப்பதாக எழுதினேன். அந்த டிசம்பரில் இங்கே சபையில் எழுந்து நின்று, படிப்பில் கர்த்தர் வெற்றி தருகிறார் என்று சாட்சியும் சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கல்லூரியில் என் பெயரை நீக்கிவிட்டார்கள். துறைத் தலைவி லலிதா மேடம் அனுப்பிய கடிதங்களைத் தபால்காரரிடம் நானே வாங்கிக் கிழித்துப் போட்டேன். 1993 ஜூன் கடைசியோடு விசா முடிந்தது. கடிதம் இல்லாமல் எப்படி நீட்டிப்பது? அந்த நாளைச் சும்மா கடந்து போக விட்டேன்.

ஜூலையில் பாய் கேட்டார். "இன்னா பாப்பா, இந்த வருசம் எங்கிட்ட எழுதி வாங்கவே இல்லியே. பேப்பரெல்லாம் சரியா கீதா?"

"இப்போ அதெல்லாம் வேண்டாமாம் பாய். எல்லாம் சரியா இருக்கு."

அவர் நம்பினார்.

ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை. ஆவடியிலிருந்து நான் நான்கு மணிக்குத் திரும்பினேன். தையல் இயந்திரத்தில் ஒரு காக்கிக் கால்சட்டை பாதியில் நின்றது. பாய் இல்லை.

"போலீஸ்காரரு வந்தாரு பாப்பா," என்றார் அக்கா. "ஒன் விசா முடிஞ்சி போச்சாம், நாங்க சொல்லாம வெச்சிகினு கீறோமாம். ஏதோ தப்பா எழுதிட்டாங்க போல. நம்ம பொண்ணு பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டு அவரு கூடவே போனாரு. மத்தியானம் போனவரு, இன்னும் காணோம்."

நான் மாடிக்கு ஓடினேன். முழங்காலில் விழுந்தேன். அதுவரை ஒன்பது மாதமாக நான் செய்த ஜெபம் ஒன்றுதான்: ஆண்டவரே, இதை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடும். அன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஒரு நல்ல மனிதர் என் பொய்யைத் தன் உண்மையாக நினைத்து அங்கே பேசிக்கொண்டிருக்கிறார். "மறைக்க வேண்டாம் ஆண்டவரே. சொல்லப் பலம் கொடும். அவரை விட்டுவிடச் செய்யும்," என்று அழுதேன். தரிசனமோ சத்தமோ எதுவும் இல்லை. எழுந்தேன். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஸ்டேஷனில் பாய் சுவரோரம் பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "நீ எதுக்கும்மா வந்தே? நான்தான் பேசிகினு கீறேனே."

"சார், இவருக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன் எஸ்.ஐ.யிடம். "நான் காலேஜுக்கே போகல. விசா முடிஞ்சது எனக்குத் தெரியும். இவர்கிட்ட பொய் சொன்னேன்."

பாய் கோபப்படவில்லை. மெதுவாக மறுபடி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எஸ்.ஐ. எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். "திங்கக்கிழமை வெளிநாட்டுக்காரங்க பதிவு ஆபீஸுக்குப் போம்மா. காலேஜ் லெட்டரோட போ. இல்லன்னா ஊருக்குத் திரும்பற டிக்கெட்டோட போ." பாயை அனுப்பிவிட்டார்.

வழியெல்லாம் அவர் முன்னே நடந்தார். நான் பின்னால் நடந்தேன். வீட்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னார்: "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. அல்லா மேல ஆணையா சொல்லிட்டேன் அங்க."

கர்த்தரைத் தெரியும் என்று சொல்லிக்கொண்ட நான், தன் இறைவனுக்குப் பயந்து வாழ்ந்த ஒருவரைப் பொய்யாணை இட வைத்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அக்கா என்னோடு கல்லூரிக்கு வந்தார். பாய்தான் அனுப்பினார். லலிதா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதங்களைக் கிழித்ததையும் சொன்னேன்.  அவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"மறுபடி சேர்றவங்க லிஸ்ட் இன்னிக்கு சாயந்திரம் யுனிவர்சிட்டிக்குப் போகுது. நாளைக்கு வந்திருந்தா நான் நெனச்சாலும் முடிஞ்சிருக்காது. ரெண்டாம் வருஷம் முதல்லேருந்து உக்காரணும். ஜூனியர்ஸோட. உக்காருவியா?"

"உக்காருவேன் மேடம்."

அடியில் என் பெயரைத் தன் கையால் எழுதினார். நான் அங்கேயே உடைந்து அழுதேன். போலீஸ் ஒரு நாள் தாமதித்து வந்திருந்தால் எனக்கு வாசல் அடைபட்டிருக்கும். என் ஜெபத்துக்குப் பதில் எந்த நேரத்தில் புறப்பட்டு வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பதிவு அலுவலகத்தில் நடந்ததை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை அலைந்தேன். அபராதம் போட்டு, கண்டித்து, ஒரு வருடம் நீட்டித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகைச் சான்று காட்ட வேண்டும் என்றார்கள். ஒருமுறைகூடத் தவறவில்லை.

தோட்டத்துச் சபையில் வாசிக்கச் சொல்லி, நடந்ததையெல்லாம் ஊருக்கும் ஒரு கடிதமாக எழுதினேன். அப்பா பதில் போட்டார்: "பாதிரியார் வாசித்தார். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவில்லை." அவ்வளவுதான் இருந்தது அந்தக் கடிதத்தில்.

அடுத்த ஆண்டு விசாவுக்கு வீட்டுக்காரர் கடிதம் வேண்டியிருந்தது. பாயிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே கூப்பிட்டார். பாஸ்போர்ட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார். கல்லூரிக் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். முன்பெல்லாம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டவர். நான் தலை குனிந்து நின்றேன். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, "நல்லா படிம்மா," என்றார்.

1995இல் தேறினேன். இன்று ஊரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். விடுமுறைக்கு வந்த இடத்தில், முன்பு பொய்ச்சாட்சி சொன்ன இதே சபையில் உண்மையைச் சொல்ல விரும்பினேன். வெட்கம் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த வெட்கத்தோடேயே கர்த்தர் என்னை ஏற்றுக்கொண்டார்.

உங்களில் யாராவது தினமும் ஒரு பையை மாட்டிக்கொண்டு எங்கோ போய் உட்கார்ந்து திரும்பினால், உங்களுக்காகத்தான் இதைச் சொன்னேன். உங்களுக்காக இன்னொருவர் ஆணையிடும் நாள்வரை காத்திருக்காதீர்கள். மறைத்துவிடும் என்று கர்த்தரிடம் கேட்காதீர்கள். சொல்லப் பலம் கேளுங்கள். அவர் கொடுப்பார். எனக்குக் கொடுத்தார்.