எட்டு நிமிஷம் முந்திய ஆபீஸ்

கம்ப்யூட்டருக்குத் தானாக மணி பார்க்கத் தெரியாது, யாரையாவது கேட்டுத்தான் சொல்லும். அது யாரைக் கேட்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. எந்தக் கவுன்ட்டரிலாவது "டைம் முடிஞ்சு போச்சும்மா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

எம்.சி.ஏ. கடைசி வருஷ புராஜெக்ட்டுக்காகக் கொல்லிமலையில் ஒரு மிளகு விவசாயிகள் சங்கத்துக்குப் போனேன். தலைமை ஆபீசில் ஒரு சர்வர். வளப்பூர், குண்டூர், திருப்புலி நாடுகளில் (மலையில் ஊர்க் கூட்டத்துக்கு நாடு என்றுதான் பெயர்) கிளைக்கொரு கம்ப்யூட்டர்.

நாலும் ஒரே மணி

நாலும் நொடி பிசகாமல் ஒரே மணி காட்டின. அசந்துபோனேன். பிறகு என் போனைப் பார்த்தேன். நாலும் எட்டு நிமிஷம் முந்தி ஓடின. கிளைகள் சர்வரைக் கேட்கின்றன, சரி. சர்வர் யாரைக் கேட்கிறது? மேனேஜர் சட்டைக் கையை மேலே இழுத்து வாட்சைக் காட்டினார்! திங்கள்கிழமைதோறும் அதைப் பார்த்துத்தான் சர்வருக்கு மணி வைப்பாராம். தப்பு என்றேன். "நாலும் ஒண்ணாத்தானே கண்ணு காட்டுது? ஒண்ணா இருந்தா அது எப்படித் தப்பாவும்?"

அக்காவின் ரசீது

இது வெறும் கடிகாரச் சண்டை இல்லை. மானிய விலையில் மிளகு காயவைக்கும் இயந்திரம். விண்ணப்பம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள். திருப்புலி நாட்டுப் பாப்பாத்தி அக்காவுக்குப் போன மழையில் பாதி மிளகு பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தது. ஓடி வந்து கொடுத்தார். ரசீதில் 5.02. தள்ளுபடி.

ஆனால் கவுன்ட்டரில் வைத்தே விண்ணப்பத்தைப் போனில் படம் எடுத்திருந்தார். படத்தின் நேரம் 4.53. இரண்டையும் மேனேஜர் முன்னால் வைத்தேன். அவர் அசரவில்லை. "போன் ஆயிரம் காட்டுமுங்க. சங்கத்துக்குன்னு ஒரு நேரம் இருக்குதுல்ல?"

வானத்தைக் கேட்டால்

விஷயத்தைச் சங்கத்தின் கமிட்டிக்குக் கொண்டுபோனேன். அங்கே நான் சொன்னது எளிமையானது. இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தை இன்டர்நெட்டிலேயே கேட்டு வாங்கலாம். ஒரு சர்வரை நம்பாமல் மூன்றைக் கேட்டால், ஒன்று உளறும்போது மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். மழையில் இன்டர்நெட் போய்விட்டால், செயற்கைக்கோளிடம் மணி கேட்கக் கூரையில் ஒரு ஜி.பி.எஸ். ஆன்டெனா. செயற்கைக்கோளில் அணுக் கடிகாரமே இருக்கிறது.

அணுக் கடிகாரம் ஒரு பக்கம், மேனேஜர் வாட்ச் ஒரு பக்கம். எது உசத்தி என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள்! காலை பஸ் வருவதை வைத்து மணி வைக்கலாம் என்றார் ஒரு உறுப்பினர். டயர் பஞ்சரானால் மணியும் நிற்குமா என்று கேட்டேன். முறைத்தார். கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "அடிவாரத்துக்காரனுக்கு விடியறப்பவா நமக்கும் விடியுது? மலைக்கு எது ஒத்து வரும்னு அந்தச் சேட்டிலைட்டுக்கு என்னங்க தெரியும்?"

பென்சில் வரி

ஊழியர்களின் வருகைப் பதிவு மெஷினும் அதே சர்வரைத்தான் கேட்கிறது. அதன் தாள்களைப் புரட்டினேன். ஒவ்வொரு தாளின் தலையிலும் மேனேஜர் கையெழுத்தில் பென்சில் வரி: 'எட்டு கழிக்கவும்'. ஊழியர் தாமதமாக வந்தால் எட்டு நிமிஷம் சலுகை, அக்காவுக்குக் கிடையாது. ஆக, கடிகாரம் முந்துவது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்! சாயங்கால பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று மேனேஜரே வாட்சை முன்னால் தள்ளி வைத்திருந்தாராம்.

தாள்களைக் கமிட்டி மேஜையில் விரித்தேன். விடியலைப் பற்றித் தலைவர் அப்புறம் பேசவே இல்லை. அக்காவின் விண்ணப்பமும், அதே மாதிரி தள்ளப்பட்ட இன்னும் இரண்டும் ஏற்கப்பட்டன. ஆன்டெனா கூரையேறியது.

இயந்திரத்தை எடுத்துப் போக அக்கா வந்த அன்று மேனேஜர் வாட்சைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சும்மா, கவுன்ட்டர் மூடறோம்" என்றார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்தார். "ஏனுங்க சார், உங்க கைக்கு எத்தனைங்க கழிக்கோணும்?"

இப்போது சங்கத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்தியாவோடு சேர்ந்து ஓடுகின்றன, மேனேஜர் மட்டும் எட்டு நிமிஷம் எதிர்காலத்தில் குடியிருக்கிறார்.