டிராக்டர்காரரின் கயிறு

எங்கள் பருத்திக்காட்டை உழ விளாத்திகுளத்திலிருந்து டிராக்டரோடு வந்தவர் அவர். பெயர் தெரியாது. நெட்டையான ஆள். வண்டியை விட்டு இறங்கினால், காலில் ஒட்டிய கரிசல் மண்ணைக் குச்சியால் வழித்த பிறகுதான் வாய் திறப்பார்.

அன்று ஓர் அதிகாரி தனியாக ஜீப்பில் வந்தார். வாத்தியார் சம்பளத்துக்கு அரசிடம் பணமில்லை, எங்கள் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறோம், பிள்ளைகள் பக்கத்து ஊருக்கு நடந்து போகட்டும் என்றார். கிளம்புவதற்குள் மழை கொட்டி, ஜீப் சகதியில் புதைந்தது.

“கயிறு கட்டி இழுத்து விடுங்க” என்றார்.

டிராக்டர்காரர் மண்ணை வழித்து முடித்தார். “கயிறு இல்லையே சார். ரோடு வரைக்கும் நடந்து போங்க. பச்சப் பிள்ளைகளே நடக்கும்னு இப்பதான சொன்னீய.”

அதிகாரி வரப்பில் நின்ற என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இங்க யார் வீட்டுலயாவது கயிறு இருக்கா?”

டிராக்டர்காரர் கயிற்றைச் சுருட்டிப் போட்டு, அது தெரியாதபடி அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார். அந்நிய ஆண்களிடம் நான் பேசியதே இல்லை. அன்று பேசினேன்.

“இல்ல.”

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரி நடந்தார். அடிக்கு அடி மண் அப்பி, கால் யானைக்கால் போல வீங்கியது. அவர் ரோட்டில் ஏறிய பிறகே டிராக்டர்காரர் கயிற்றை எடுத்தார்.

“ஜீப்பு நம்ம வரிப்பணம்லா, அது என்ன பாவம் பண்ணுச்சு” என்று சொல்லி ஜீப்பை இழுத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தை மூடித்தான் விட்டார்கள். ஆனாலும் மழை பெய்தால் எனக்கு அதிகாரியின் அந்தக் கால்கள் ஞாபகம் வரும். மனசு குளிர்ந்துவிடும்.